வேலிக்கு அந்தப் பக்கத்துத் தகடு

வேலிக்கு அப்பால் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டபோது ருக்குமணி செவலைப் பசுவின் மடிக்கருகே குந்தியிருந்தாள். முதல் அடிக்கு அவளுடைய விரல்கள் நின்றன. அடுத்த அடிக்குப் பசு காதை விடைத்தது. அதற்கடுத்த அடியில், காம்பை அவள் என்ன பாடு படுத்தினாளோ, அந்த வாயில்லாச் சீவன் காலைத் தூக்கி ஓர் உதை விட்டது. செம்பு உருண்டது. கறந்த பால் முழுவதும் மண்தரைக்குப் போயிற்று.

“அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும்! தகடு அடிச்சா மாடு ரெட்டிப்பாக் கறந்துருமாக்கும்!” என்று வேலிக்குக் கேட்கும்படி சொன்னாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் நல்லம்மாள். ருக்குமணியின் கணவன் வெள்ளையனுடைய தம்பி தங்கராஜுவின் மனைவி. அண்ணன் தம்பி இருவரும் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து ஒரே கப்பலில் பினாங்குக்கு வந்தவர்கள்; தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் ஒரே கொட்டகையில் மாடு வைத்துப் பால் விற்றவர்கள். மனைவிமார் இருவருக்கும் ஒரே அடுப்படியில் ஒத்துவராமற்போன பிறகு கொட்டகைக்கு நடுவே மூங்கில் வேலி முளைத்தது. மாடுகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். செவலை ருக்குமணிக்கு வந்தது. அந்த ஒன்றில் தான் வென்றுவிட்டதாக அவள் எண்ணியிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் வேலை போனவர்களெல்லாம் பட்டணத்துக்கு வந்து ஆளுக்கொரு மாட்டைப் பிடித்துக்கொண்டு பால் விற்கத் தொடங்கியிருந்தார்கள். எந்தப் பால் எந்தத் தொழுவத்திலிருந்து வருகிறது என்பது குடிக்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே, நகரத்துக்குள் பால் கொண்டுபோகிறவர்கள் தங்கள் கொட்டகையைச் சுகாதார இன்ஸ்பெக்டருக்குக் காட்டி ஒப்புதல் பெறவேண்டும் என்று உத்தரவு வந்தது. தரை சிமெண்டாக இருக்கவேண்டும். கழிவுநீர் தேங்காமல் ஓடவேண்டும். மாட்டுக்கு நோய் இருத்தல் ஆகாது. கறக்கிற கை சுத்தமாக இருக்கவேண்டும். இத்தனையும் தேறினால், எண் பொறித்த நீல எனாமல் தகடு ஒன்று கிடைக்கும். தீபாவளிக்குப் பிறகு தகடில்லாத பாலுக்கு நகர எல்லைக்குள் இடமில்லை.

அந்தத் தகடுதான் அன்று நல்லம்மாள் வாசலில் ஏறியது.

வெள்ளிக்கிழமை வந்தது. நல்லம்மாள் தலைமுழுகி, அந்தத் தகட்டைத் துடைத்து, நான்கு மூலைக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். வேலி இடுக்கில் கண்ணை வைத்து ருக்குமணி இதைப் பார்த்தாள். தனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள்; வந்த புதிதில் மாட்டுக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று கேட்டவள்; அவள் வாசலில் முனிசிபல் முத்திரை! இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கருவாட்டுக் குழம்பு கசந்தது.

“குழம்புல ஒண்ணும் இல்ல புள்ள. உன் நாக்குலதான் இருக்கு” என்றான் வெள்ளையன்.

“என் நாக்கு என்ன பண்ணுச்சு? அவ மாட்டுப் பாலை விரல்ல தொட்டுப் பாத்திருக்கியா? தண்ணி மாதிரி வழியுது. அதுக்கு ஒரு தகடு! அதுக்கு ஒரு பொட்டு!”

“நாமளும் மனுப் போட்டு வாங்கிக்குவோம்.”

“நான் ஏன் மனுப் போடணும்? என் பால் சொல்லும் நான் யாருன்னு.”

பால் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னதாகவே ஒருநாள் வெள்ளையன் சைக்கிளில் கொண்டுபோன வாளி நிறைய நிறையத் திரும்பி வந்தது. பினாங்கு வீதியில் செட்டிமார் தங்கித் தொழில் நடத்தும் கிட்டங்கியில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அந்தக் கிட்டங்கிதான் அவர்களுக்குப் பெரிய வாடிக்கை. அங்கே போகிற பாலில்தான் வீட்டில் உலை கொதித்தது. ருக்குமணி நம்பவில்லை. மறுநாள் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சமையற்காரர் சிதம்பரநாதன் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“ஆத்தா, கோவிச்சுக்காதீக. இனித் தகட்டுப் பால்தான் வாங்கணும்னு மேலாளு சொல்லிப்புட்டாக.”

“என் பாலைக் குடிச்சு எவன் படுத்தான், சொல்லும்! எத்தனை வருசமா என் பால்ல காப்பி போடுறீரு? உம்ம விரலை விட்டுப் பாரும், ஒட்டுதா இல்லையான்னு.”

“எனக்குத் தெரியும் ஆத்தா. என் நாக்குக்குத் தகடு வேண்டியதில்ல. ஆனா நேத்துக் கப்பல்ல வந்து எறங்குனவுக இங்க தங்கியிருக்காக. அவுகளுக்கு உங்களையும் தெரியாது, என் நாக்கையும் தெரியாதுல்ல?”

“அப்ப எங்கதான் வாங்கப் போறீரு?”

சிதம்பரநாதன் வெங்காயத்தில் கண்ணை வைத்துக்கொண்டார். “உங்களுக்கு அடுத்தாப்புலதான். நல்லம்மா கொட்டகை.”

வெங்காயம் உரித்தது அவர். கண் எரிந்தது ருக்குமணிக்கு. தளும்பும் வாளியோடு வெயிலில் திரும்பி வந்தாள். கொட்டகைக்கு எதிரே பிசாங் கோரெங் பொரித்து விற்கும் மலாய்க்காரி சலேஹா, வாழைப்பழத்தை மாவில் தோய்த்தபடியே கூவினாள்.

“ருக்குமணி! உன் தங்கச்சி வீட்டுத் தகடு பாத்தியா? சந்தேக் லா, ரொம்ப அழகு, நல்ல நீலம்! நீயும் ஒண்ணு வாங்கு. ரெண்டு வாசலும் ஜோடியா இருக்கும்.”

“அவ எனக்குத் தங்கச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று சொல்லி, வாளியை ‘ணங்’கென்று வைத்தாள் ருக்குமணி.

அன்றே வெள்ளையன் காதிலிருந்த கடுக்கனைக் கழற்றினான். சிமெண்டு வந்தது. மழைக்காலம், தண்ணீர்மலையின் உச்சியில் மேகம் படுத்தால் நாள் முழுதும் எழுந்திருக்காது. கொட்டகைக் கூரைக்குக் கீழே புருசனும் பெண்சாதியும் மணலைச் சலித்து, கல்லைப் பரப்பி, சிமெண்டு பூசினார்கள். மாடுகளை மழைச்சாரலில் கட்டிப்போட்டு, ஈரப் புல்லை உதறி உதறிப் போட்டாள் ருக்குமணி. கை வெந்தது. வெந்த கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அவள் கேட்டது ஒன்றுதான்.

“அவ தரையைவிட நம்ம தரை வழவழப்பா இருக்கா, பாரு.”

இன்ஸ்பெக்டர் மறுநாள் வருகிறார் என்று செய்தி வந்த அன்று மாலை, நல்லம்மாள் வேலியின் ஓரத்துத் திறப்பு வழியாக உள்ளே வந்தாள். பிரிந்த பிறகு அவள் அந்த வழியாக வந்ததே இல்லை. ருக்குமணி எழுந்திருக்காமல் புண்ணாக்கை உடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாராமே?”

“ஏன், உன் வீட்டுக்கு மட்டுந்தான் வருவாரா?”

“அதுக்கில்லக்கா. ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். கறக்கிற எடத்துல சாணி போட்டு மெழுகாதீக. கோலமும் வேணாம். தண்ணிய ஊத்தி அலசி, அப்படியே காய விட்டுருங்க.”

ருக்குமணியின் கையில் சுத்தியல் நின்றது. “ஏன்?”

நல்லம்மாள் தரையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள்போல் வாயெடுத்தாள், பிறகு மூடிக்கொண்டாள். “சொன்னாக் கேளுங்கக்கா, அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

“தகடு வாங்குனவ சொல்றா. எதாச்சும் காரணம் இருக்கும்” என்றான் வெள்ளையன்.

“காரணம் எனக்குத் தெரியும். பெரிய மனுசன் வர்ற வேளைக்கு மெழுகாத தரையைக் காட்டச் சொல்றா. எழவு வீடு மாதிரிக் கோலமில்லாம நிக்கச் சொல்றா. பாத்த ஒடனே அவரு மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போகணும். இந்தச் சீமைக்கே அவ ஒருத்தி வாசல்லதான் நீலத் தகடு தொங்கணும்! ஒரு உலையில சோறு தின்னவளாச்சே, அவ கொடலு எனக்குத் தெரியாதா?”

வெள்ளையன் மேலே பேசியிருந்தாலும் பயன் விளைந்திராது. பொறாமைக்காரியிடம் நல்ல வார்த்தையைக் கொடுத்தால், அதைத் திருப்பிப் பிடித்துத்தான் வாசிப்பாள்.

விடிவதற்கு முன்னரே எழுந்து, செவலையின் புதுச்சாணத்தைப் பிடித்து, மஞ்சள் கலந்து குழைத்தாள். வழக்கமாக மெழுகுவதைப் போல் இருமடங்கு கனமாக மெழுகினாள். நல்லம்மாள் வேண்டாமென்று சொன்ன இடத்தில் ஒன்றுக்கு இரண்டாக மெழுகினாள். நடுவில் தாமரைக் கோலம் போட்டாள். ஆனால், மண்தரை சாணத்தைக் குடிக்கும், சிமெண்டு குடிக்காது. அதிலும் மழை நாள். பச்சைப்பசேலென்று அது மேலேயே நின்றது. விடிந்ததும் ஈக்கள் வந்தன. ருக்குமணி முந்தானையால் விசிறிக்கொண்டே நின்றாள்.

இன்ஸ்பெக்டர் திருநாவுக்கரசு தலையில் தொப்பியும் காலில் பூட்சுமாக வந்தார். தமிழர், பேச்சில் பதற்றம் இல்லாதவர். மாடுகளை முதலில் பார்த்தார். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். மடியை அழுத்திப் பார்த்தார். செவலையைத் தட்டிக்கொடுத்து, “இது முதல் தரமான மாடம்மா” என்றார். பாலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பால்மானியை மிதக்கவிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். ருக்குமணி வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் ஒரு புடவை அசைந்தது. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“கறக்கிற இடம் எங்கேம்மா?”

“இந்தாங்க, வாங்க.”

இன்ஸ்பெக்டர் நிலைப்படியில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

“இது என்னம்மா?”

“மெழுகியிருக்கேங்க. காலையில போட்ட பசுஞ்சாணி. நீங்க வர்றீங்கன்னு ரெட்டிப்பா மெழுகுனேன்.”

அவர் தொப்பியைக் கழற்றினார். சிரிக்கவில்லை. “எங்க வீட்டு வாசலை எங்க அம்மாவும் மெழுகுவாங்க. நான் குறை சொன்னதில்லை. ஆனா இது பால் கறக்கிற இடம். ஈயைப் பாருங்க. இந்தத் தரையில உக்கார்ற ஈ அப்புறம் எங்க போய் உக்காரும்?”

“சாணியா அழுக்கு? அதுல லட்சுமி இருக்காங்க.”

“இருக்கட்டும்மா. லட்சுமி வாசல்ல இருக்கட்டும். பாலுக்குப் பக்கத்துல வேணாம்.”

“பாலைப் பாத்தீங்கல்ல? நல்ல பாலுன்னு நீங்களே தலையாட்டுனீங்கல்ல?”

“நல்ல பால்தான். இன்னைக்கு இந்தச் செம்புல இருக்கிறது நல்ல பால். நான் தகடு குடுக்கிறது இந்தச் செம்புக்கு இல்லம்மா. நாளைக்கும், அதுக்கு மறுநாளும், நான் பக்கத்துல நிக்காதபோதும் இங்க இருந்து வர்ற பாலுக்கு. ஆஸ்பத்திரியில கெடக்கிறவன் உங்க முகத்தைப் பாத்தானா? மாட்டைப் பாத்தானா? அவனுக்காக நான் வந்து பாக்கிறேன். என்னை நம்பித்தான் அவன் டம்ளரை வாயில வைக்கிறான். தெரிஞ்சு நான் எப்படிச் சரின்னு எழுதட்டும்?”

மாடுகள் தேறின என்றும் தரை தேறவில்லை என்றும் எழுதினார். இனித் தைப்பூசம் கழிந்துதான் இந்தப் பக்கம் வர முடியும் என்று சொல்லிவிட்டு, மழையில் நடந்தார்.

வெள்ளையன் தூர்ந்துபோகத் தொடங்கிய காதுத் துளையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ருக்குமணியும் பதிலுக்கு நாலு கொடுத்து ஆறியிருப்பாள்.

தீபாவளி போயிற்று. மாட்டுக்குத் தகடு தெரியுமா? அது பாட்டுக்குச் சுரந்தது. ருக்குமணி தயிராக்கினாள், மோராக்கினாள், வெண்ணெய் எடுத்தாள். அக்கம்பக்கத்தில் விற்றது போக மிஞ்சியது புளித்தது. நகர எல்லைக்கு வெளியே பாலிக் புலாவ் பக்கம் கொண்டுபோகலாம் என்றால், மலையைச் சுற்றிப் போவதற்குள் பால் திரிந்துவிடும். தவிட்டுக்காரன் இனிமேல் கடன் இல்லை என்றான். செவலையை விற்றுவிடலாமா என்று வெள்ளையன் கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் ருக்குமணி வேலியைத் தாண்டினாள்.

நல்லம்மாள் வாளிகளைக் கவிழ்த்து வெயிலில் வைத்துக்கொண்டிருந்தாள். ருக்குமணி நின்றபடியே பேசினாள்.

“இந்தா, சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. எம் பாலையும் உன் வாளியில ஊத்தி அனுப்பு. ரெண்டும் ஒரு தொழுவத்து மாட்டு வம்சந்தானே.”

“அது முடியாதுக்கா.”

“தெரியும்டி! என்னை இப்படி நிக்க வச்சுப் பாக்கணும்னுதானே காத்துக்கிட்டு இருந்தே?”

“ஐயோ, இல்லக்கா. இன்ஸ்பெக்டரு என் தரையைப் பாத்தாரு, என் கையைப் பாத்தாரு, அதுக்குத்தான் தகடு. நான் பக்கத்துல நிக்காத பாலை அதுக்குள்ள ஊத்துனா, நாளைக்கு எவன் வீட்டுப் புள்ளைக்காச்சும் வயித்தால போனா, பொய்ச்சத்தியம் பண்ணுனவ நான்ல? ஒரு தடவை ஊத்திட்டா அது தகடா? வெறும் தகரம்.” அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். “மாட்டை இங்க ஓட்டியாங்க. இந்தத் தரையில நிறுத்தி நீங்களே கறங்க. எங்க வீட்டுக்காரரு ஆபீசுல போய்க் கேட்டுட்டு வந்துட்டாரு. மாடும் தேறியிருக்கு, தரையும் தேறியிருக்கு, கையைக் கழுவிட்டுக் கறந்தாச் சரின்னுட்டாங்களாம்.”

தான் வருமுன்பே கேட்டு வைத்திருக்கிறாள்! அதுவும் ருக்குமணிக்குச் சுட்டது.

“இம்புட்டும் தெரிஞ்சவ, சாணி ஏன் ஆகாதுன்னு அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சு போயிருப்பே?”

நல்லம்மாள் முகம் சிவந்தது. “எனக்கும் மொதத் தடவை அதுக்குத்தான் இல்லேன்னுட்டுப் போனாரு.”

“என்னது?”

“ஆடி மாசம். நீங்க கோயிலுக்குப் போயிருந்த அன்னைக்கு. நானும் மெழுகிக் கோலம் போட்டுக் காத்திருந்தேன். உங்ககிட்ட எப்படிக்கா சொல்ல? இங்க இருந்து தண்ணீர்மலை வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போயிருப்பீகளே!”

ருக்குமணி சிரித்துக்கொண்டே போயிருப்பாள்தான். நெடுநாளைக்குப் பிறகு அவள் வயிறு ஒரு கணம் குளிர்ந்தது; இப்படியொரு சேதி வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்ததை அன்றைக்கே அறியாமற்போனோமே என்று மறுகணம் மனம் வருந்தியது.

மறுநாள் காலையில் செவலையை வேலி வழியாக ஓட்டிப்போனாள். தரை வெளுத்து, உலர்ந்து, ஒன்றுமில்லாமல் கிடந்தது. நல்லம்மாள் தண்ணீரும் சவுக்காரமும் கொண்டுவந்து வைத்தாள். ருக்குமணி கழுவினாள்.

“நகத்தைக் காட்டுங்கக்கா.”

“என்னடி, பள்ளிக்கூடமா நடத்துறே?”

“எனக்கும் அவரு இப்படித்தான் பாத்தாரு.”

பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். ஓரகத்தி ஒவ்வொரு விரலாகப் பார்த்து, ஒரு நகத்தை மட்டும் மறுபடி தேய்க்கச் சொன்னாள். தேய்த்துவிட்டுக் குந்தினாள். பால் நுரைத்து எழுந்தது.

அன்று கிட்டங்கியில் விசேஷம். கூடுதல் பாலுக்குச் சிதம்பரநாதனே வந்திருந்தார். வாளிப் பாலில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கினார்.

“அடடா! நல்லம்மா, இன்னைக்குப் பால் என்னமாக் கெட்டியா இருக்கு!”

“அது அக்கா மாட்டுப் பாலுங்க. அவுகளே கறந்தது” என்றாள் நல்லம்மாள்.

சிதம்பரநாதன் ருக்குமணியைப் பார்த்துச் சிரித்தார். “அப்படியா ஆத்தா? யாரு கறந்தா என்ன, தகட்டுப் பாலு. அது போதும்ல.” வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ருக்குமணி பசுவை ஓட்டிக்கொண்டு தன் கொட்டகைக்கு வந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். சிரட்டையை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். வீம்புக்கு அவள் கலைக்காமல் விட்டிருந்த சாணம், காய்ந்து பொருக்குத் தட்டி, சீவச் சீவ உதிர்ந்தது. தாமரையின் ஓர் இதழ் போயிற்று. பிறகு மற்றவையும் போயின. கிணற்றுநீரை இறைத்து ஊற்றினாள், தேங்காய் நாரால் தேய்த்தாள், மீண்டும் ஊற்றினாள்.

“தைப்பூசம் கழிஞ்சுதானே வருவாரு? இப்ப என்ன அவசரம்?” என்றான் வெள்ளையன்.

“வர்றபோது வரட்டும். அதுவரைக்கும் தெனம் இப்படித்தான். அவ தரை வெளுப்புக்கு மேல இது வெளுக்கணும்.”

மதியத்துக்குள் தரை உலர்ந்துவிட்டது. ருக்குமணி நிலைப்படியில் நின்று பார்த்தாள். அவள் கண்ணுக்குக் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால், தன் கண்ணை நம்பித்தானே இந்தக் கதிக்கு வந்தது? வேலிக்கு அருகில் போய்க் குரல் கொடுத்தாள்.

“ஏ நல்லம்மா! இங்க வாடி.”

“என்னக்கா?”

“இன்ஸ்பெக்டரு கண்ணைவிட உன் கண்ணு பொல்லாத கண்ணு. எங்கிட்டக் குத்தம் கண்டுபிடிக்க உன்னைவிட்டா ஆளு யாரு? வந்து பாத்துச் சொல்லு.”

நல்லம்மாள் வந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனாள். உபசாரத்துக்காகக்கூட ‘நல்லா இருக்கு’ என்று சொல்லவில்லை. சுவரோரமாகவே நடந்தாள். கழிவுநீர் வாய்க்காலின் முடிவில் குனிந்து, உட்புறத்தை விரலால் வழித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு அந்த விரலை ருக்குமணியிடம் நீட்டினாள்.

விரல் நுனியில் பச்சையாக ஒரு கீற்று.

ருக்குமணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“தள்ளு அங்கிட்டு” என்று சொல்லி, நாரை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு முன்னால் மண்டியிட்டாள். “போயிடாதே. முடிச்சதும் இன்னொரு தடவை பாக்கணும்.”